கையெழுத்து அட்டை

என் கணவருக்கு நோய் வந்திருப்பதை முதலில் கவனித்தவர் நகராண்மைக் கழக அலுவலகத்தின் கவுன்டரில் உட்கார்ந்திருந்த ஒரு மலாய்ப் பெண். என் கணவர் கட்டடப் பொறியாளர். சுங்கை பட்டாணியில் கூட்டாளி ஒருவரோடு சேர்ந்து, மாடிக் கடையொன்றில் சிறிய அலுவலகம் நடத்தி வந்தார். வரைபடங்களில் அவர் போட்டிருந்த கையெழுத்து பதிவில் உள்ள கையெழுத்தோடு ஒத்துப்போகவில்லை என்று சொல்லி, அந்தப் பெண் முழுக் கட்டையும் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

கூலிமில் வீட்டுக்கு வந்ததும் அதை அவர் சிரிப்பாகத்தான் சொன்னார். சாப்பாட்டு மேசையில் பழைய வரைபடத்தையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். பழையதில் கடைசி எழுத்திலிருந்து ஒரு கோடு மேலே ஏறி, பெயர் முழுவதையும் குடைபோல மூடிக்கொண்டு முடியும். புதியதில் அந்தக் கோடு ஏறவே இல்லை. கொஞ்ச தூரம் நடுங்கிப் போய், அப்படியே கீழே விழுந்திருந்தது.

"பேனா சரியில்ல" என்றார். பேனாவை மாற்றிப் போட்டுப் பார்த்தார். பிறகு மூன்றாவது பேனாவை நான் தேடிக் கொடுக்கவில்லை.

அலோர் ஸ்டார் ஆஸ்பத்திரியில் பல சோதனைகளுக்குப் பிறகு டாக்டர் எங்கள் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார். தசைகளை இயக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் சாகும் நோய். கையில் தொடங்கியிருக்கிறது. கால், நாக்கு, தொண்டை, கடைசியில் மூச்சு. மருந்து இல்லை. அறிவுக்கு மட்டும் எந்தக் குறையும் வராது என்று அவர் ஆறுதலாகச் சொன்னார். வழியில் குருண் ஊரைத் தாண்டும்போது, காடி ஓட்டிக்கொண்டிருந்த என் பக்கம் என் கணவர் திரும்பினார். "கடைசியா ஒன்னு சொன்னாரே, அதுதான்மா எனக்குப் பயமா இருக்கு" என்றார்.

முடிகிற வரை வேலை செய்வது என்று முடிவெடுத்தார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. வீட்டில் உட்கார்ந்து தன் கையையே பார்த்துக்கொண்டிருப்பதைவிட அது மேல் என்று எனக்கும் தோன்றியது. கணக்குப் போட அவருக்குக் கை தேவையில்லை. கையெழுத்துக்குத்தான் தேவை. பொறியாளரின் கையெழுத்து இல்லாமல் எந்த வரைபடமும் எங்கும் போகாது. "இந்தத் தூண் தாங்கும், தாங்காவிட்டால் பொறுப்பு என்னுடையது" என்பதுதான் அந்தக் கையெழுத்தின் பொருள்.

வரைபடங்களைக் கணினி வழியாகவே அனுப்பும் முறை எங்கள் பக்கமும் வந்திருந்த நேரம் அது. அதற்கான அட்டையை, அனுமதி பெற்ற ஒரு நிறுவனம் அலோர் ஸ்டாரில் கொடுத்துக்கொண்டிருந்தது. அடையாள அட்டையைச் சரிபார்த்து, முகத்தைப் பார்த்து, ஆளை நேரில் உறுதி செய்துகொண்டு கொடுத்தார்கள். வங்கி அட்டை போலத்தான் இருந்தது. அதிலுள்ள சிப்புக்குள் ஒரு ரகசியச் சாவி இருக்கிறது. அது எந்தக் காலத்திலும் அட்டையை விட்டு வெளியே வராது. ரீடரில் அட்டையைச் செருகி, ஆறு இலக்க ரகசிய நம்பரைப் போட்டால், அட்டை உள்ளேயே கையெழுத்தை உருவாக்கி ஆவணத்தில் பதித்துவிடும். சட்டத்தின் முன் அது பேனாவால் போட்டதற்குச் சமம். நம்பரை மூன்று முறை தப்பாகப் போட்டால் அட்டை பூட்டிக்கொள்ளும். பூட்டைத் திறக்க வேறொரு எண்ணை ஒட்டிய உறையில் வைத்துக் கொடுத்தார்கள். அந்த உறை சுங்கை பட்டாணி அலுவலகத்தின் இரும்பு அலமாரிக்குப் போயிற்று.

நான் கூலிம் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையின் கணினிப் பிரிவில் வேலை செய்கிறேன். அதனால் எந்த மென்பொருளை வைத்துக் கையெழுத்துப் போடுவது என்று தேடும் வேலை என்னிடம் வந்தது. அட்டை ஒன்றுதான், அதை இயக்கும் மென்பொருள்கள் பல. சனி ஞாயிறுகளில் ஒவ்வொன்றாக இறக்கிப் பார்த்தேன்.

முதலாவது இணையப் பக்கத்திலேயே ஓடியது. வேகமாக இருந்தது. ஆனால் கையெழுத்துப் போடும் நேரத்தில் திரையில் ஆவணத்தின் பெயர் மட்டும்தான் தெரிந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டு, "எதுல போடறேன்னு தெரியாம எப்படிப் போடறது? வேணாம்லா" என்றார்.

இரண்டாவதை அவருடைய கூட்டாளி கொண்டுவந்தார். அவரை நான் அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். அவர் என்னைத் தங்கச்சி என்பார். ஜித்ராவில் இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். என் கணவரால் மாடிப்படி ஏற முடியாமல் போனபோது, ஆள் வைக்காமல் தானே முதுகில் தூக்கிக்கொண்டு அலுவலகத்துக்கு ஏறியவர். இதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்வது நியாயமில்லை.

அவர் கூட்டிவந்த விற்பனையாளர் எங்கள் வரவேற்பறையில் மடிக்கணினியைத் திறந்து காட்டினார். அட்டை எந்நேரமும் அலுவலகக் கணினியில் செருகியபடியே இருக்கும். காலையில் ஒரு தடவை நம்பரைப் போட்டால் போதும். அன்றைக்கு வருகிற ஆவணங்கள் எல்லாவற்றிலும் கையெழுத்து தானாக விழும். கட்டுக் கட்டாக விழுவதை நான் ஆசையோடுதான் பார்த்தேன். சுத்தமான வேலை.

"அவனுக்கும் சிரமம் இல்ல தங்கச்சி. வீட்லயே ரெஸ்ட் எடுக்கலாம்" என்றார் அண்ணன்.

என் கணவர் ஏதோ கேட்டார். அதற்குள் நாக்கு குழற ஆரம்பித்திருந்தது. விற்பனையாளருக்குப் புரியவில்லை. நான் எடுத்துச் சொன்னேன்: "காலையில நான் நம்பர் போட்டுட்டேன். மத்தியானம் தூங்கறேன். அப்ப ஒரு பேப்பர் வந்தா, அதுல யாரு கையெழுத்துப் போடறாங்கன்னு கேக்கறாரு."

"நீங்கதான் சார். உங்க கார்டுதானே" என்றார் அந்த ஆள்.

என் கணவர் தலையை அசைத்தார். வேண்டாம் என்று எனக்கு மட்டும் தெரிகிற மாதிரியான அசைவு. அண்ணனுக்கு முகம் வாடிவிட்டது. "உன் வசதிக்குத்தானடா பாத்தேன்" என்றார்.

மூன்றாவதாகக் கிடைத்தது பார்க்கவே அழகில்லாத ஒரு மென்பொருள். சாம்பல் நிறத் திரை, யாரோ அரைகுறையாக மொழிபெயர்த்த மெனு. ஆனால் ஆவணத்தை முழுதாகத் திறந்து காட்டியது. கடைசிப் பக்கம் வரை போனால்தான் கையெழுத்துப் பொத்தான் உயிர் பெறும். ஒவ்வொரு ஆவணத்துக்கும் தனியாக நம்பர் கேட்டது. சோதனைக்கு அவர் ஒரு பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். நான் அதில் ஒரு கம்பியின் தடிமனை மட்டும் மாற்றிச் சேமித்துத் திறந்தேன். பச்சை அடையாளம் போய், ஆவணம் திருத்தப்பட்டிருக்கிறது என்று சிவப்பில் வந்தது. "இன்னொரு தடவ காட்டு" என்றார். அந்த மாதங்களில் அவர் ஆசையாக எதையும் கேட்டதில்லை. மறுபடி செய்து காட்டினேன்.

அதிலும் ஒரு தொல்லை இருந்தது. நம்பர் கேட்கும் பெட்டி கொஞ்ச நேரம்தான் திறந்திருக்கும். அவர் விரல் ஓர் எண்ணைத் தேடி அழுத்துவதற்குள் மூடிக்கொள்ளும். அவசரத்தில் பக்கத்து எண்ணில் விரல் விழும். முதல் வாரத்திலேயே அட்டை பூட்டிக்கொண்டது. அண்ணன் அலுவலகத்திலிருந்து உறையைக் கொண்டுவந்து கிழித்து, உள்ளே இருந்த எண்ணைப் படிக்கப் படிக்க நான் போட்டுத் திறந்தேன். கிழித்த உறையை மடித்து அவர் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். அப்போது எனக்கு அதில் ஒன்றும் தோன்றவில்லை.

கடைசியில், ரீடரிலேயே எண்பலகை உள்ள ஒன்றை வரவழைத்தேன். நம்பரை ரீடரில் அழுத்தினால் அது நேராக அட்டைக்குள் போகும். கணினிக்குத் தெரியவே தெரியாது, அதனால் எந்த மென்பொருளும் அதை நினைவில் வைத்துக்கொள்ள முடியாது. காத்திருக்கும் நேரத்தையும் நீட்ட முடிந்தது. பொத்தான்கள்தான் சிறியவை. எங்கள் தொழிற்சாலைப் பட்டறையில் இருக்கும் சீன நண்பர் ஒருவர், தடித்த கண்ணாடி பிளாஸ்டிக் தகட்டில் பொத்தானுக்கு ஒன்றாகத் துளை போட்டுக் கொடுத்தார். தகட்டை எண்பலகையின் மேல் ஒட்டினோம். கை முழுவதையும் அதன் மேல் சாய்த்து வைத்துக்கொண்டு, வளைந்துபோன நடுவிரலின் முட்டியைத் துளைக்குள் இறக்கினால் அந்த எண் மட்டும் அழுந்தும். வரைபடம் ஒன்றுக்கு அரை மணி நேரம் ஆனது. ஆனாலும் அவரே போட்டார்.

அன்றைக்கே பழைய நம்பரை மாற்ற வேண்டும் என்றார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நீ அடுப்படிக்குப் போம்மா."

"எதுக்கு?"

"போயேன்."

போனேன். அடுப்படியில் செய்ய ஒன்றுமில்லாமல் நின்றேன். அவருக்குப் பல் துலக்கிவிடுபவள் நான். குளிப்பாட்டி, உடை மாற்றி, சோற்றைக் குழைத்து ஊட்டுபவள். எனக்குத் தெரியக் கூடாத ஆறு இலக்கம் அவருக்கு என்ன என்று கோபமாக வந்தது. வரவேற்பறையிலிருந்து ரீடரின் பீப் ஒலி நீண்ட இடைவெளி விட்டு விட்டுக் கேட்டது. அன்று முழுவதும் தேவைக்கு மேல் நான் அவரோடு பேசவில்லை. அவரும் விளக்கம் சொல்லவில்லை.

அப்போது அலுவலகத்தின் பெரிய வேலை, கூலிமிலிருந்து பாலிங் போகும் பக்கம் எழும்பிக்கொண்டிருந்த ஒரு தாமான், புதிய குடியிருப்பு. முன்பு ரப்பர்த் தோட்டமாக இருந்த நிலம். ஒரு டெவலப்பர் மரங்களை எடுத்து, குன்றின் ஒரு பக்கத்தை வெட்டி, வரிசை வீடுகள் கட்டினார். கடைசி வரிசைக்குப் பின்னால், வெட்டிய மண்ணைத் தாங்க ஒரு நீளமான தடுப்புச் சுவர். அதை வடிவமைத்தவர் என் கணவர்.

என் தொழிற்சாலையில் உற்பத்திப் பிரிவில் ஓர் அக்கா இருக்கிறார். கணவர் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள். பல வருடங்களாகக் கம்பெனி பஸ்ஸில் வந்து போகிறவர். அந்தத் தாமானின் கடைசி வரிசையில் அவர் ஒரு வீடு வாங்கியிருந்தார். கேன்டீனில் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "ஒங்க வீட்டுக்காரர் கட்டற வீடுதானே, எனக்கு என்ன பயம்" என்பார். விலை கொஞ்சம் குறைவாக இருந்ததால் பின் வரிசையை எடுத்ததாகச் சொன்னார். குன்றுப் பக்கம் காற்று வரும் என்றும் சொன்னார்.

வீடுகள் முடிகிற சமயத்தில் சுவரை நேரில் பார்க்க வேண்டும் என்று என் கணவர் பிடிவாதம் பிடித்தார். அலுவலகத்திலிருந்து வந்த புகைப்படங்கள் அவருக்குப் போதவில்லை. ஒரு காலை நான் விடுப்பு எடுத்து அவரைக் கூட்டிப் போனேன். சேற்றில் சக்கர நாற்காலி போகவில்லை. இரண்டு வங்காளதேசத் தொழிலாளிகள் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போய்ச் சுவரடியில் வைத்தார்கள். அவர் வெகு நேரம் பார்த்தார். தண்ணீர் வெளியேறச் சுவரில் வரிசையாகக் குழாய் முனைகள் இருக்க வேண்டும். சில இடங்களில்தான் இருந்தன. ஒன்றில் குச்சியை விடச் சொன்னார். கொஞ்சம் போய் முட்டியது. குழாய் சுவரின் மறுபக்கம் வரை போகவில்லை, பார்வைக்காகப் பதித்திருந்தார்கள். அடியில் தோண்டச் சொன்னார். அவர் சொன்ன அகலத்தில் பாதிகூட அடித்தளம் இல்லை.

சுவரின் நடுவே ஈரம் கறையாக இறங்கியிருந்தது. சுவரைக் கட்டிய ஒப்பந்தக்காரர் எங்களோடுதான் நின்றார். "பார்க்க நேராத்தானே நிக்குது சார்" என்றார். என் கணவர் பதில் சொல்ல வாயெடுத்தார். எச்சில்தான் வந்தது. நான் துடைத்துவிட்டேன். ஒப்பந்தக்காரர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

கொஞ்ச நாளில் அண்ணன் வீட்டுக்கு வந்தார். தாமானில் குடியேறலாம் என்பதற்கான சான்று தயாராகிவிட்டது, பொறியாளரின் கையெழுத்துதான் பாக்கி. அதற்குள் என் கணவரின் பேச்சு எனக்கும் சில சமயம் புரியாமல் போக ஆரம்பித்திருந்தது. மடியில் வைத்த தட்டுத்திரையில் எழுத்துகளைத் தொட்டுத் தொட்டுப் பேசினார்.

'சுவரை இடிச்சு மறுபடி கட்டணும்' என்று தொட்டார்.

"டெவலப்பர் ஒத்துக்க மாட்டான்டா. சுவர் நிக்குது. மழைக்காலமே ஒன்னு தாண்டிடுச்சு."

'மரம் இருந்தது அப்ப. மேல இருந்த மரத்தையும் இப்ப எடுத்துட்டாங்க.'

"எத்தன குடும்பம் சாவிக்குக் காத்திருக்கு தெரியுமா? பேங்குக்கும் கட்டிக்கிட்டு, இருக்கற வீட்டுக்கு வாடகையும் கொடுத்துக்கிட்டு."

'அதனாலதான்' என்று என் கணவர் தொட்டார்.

அண்ணன் எழுந்து அடுப்படிக்கு வந்தார். நான் அவருக்குத் தேநீர் கலக்கிக்கொண்டிருந்தேன். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"தங்கச்சி, அவன் இருக்கற நெலமையில எல்லாமே தப்பாத்தான் தெரியும். நீ அந்த நம்பரச் சொல்லு. நான் பாத்துக்கறேன். அவனுக்குத் தெரியவே வேணாம்."

"எனக்குத் தெரியாதுண்ணே."

"பொண்டாட்டிக்குத் தெரியாம இருக்குமா?"

"சத்தியமா தெரியாது. என்னை வெளிய அனுப்பிட்டுத்தான் மாத்துனாரு."

அவர் என் முகத்தையே பார்த்தார். நான் பொய் சொல்லவில்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. தேநீரை வாங்கி ஒரு வாய் குடித்தார். "பரவால்ல. கவர் ஆபீஸ்லதான் இருக்கு. அத வெச்சுப் புது நம்பர் மாத்திக்கலாம். கார்ட மட்டும் ஒரு நாளைக்குக் கொடு" என்றார்.

"அவரக் கேக்காம எதையும் கொடுக்க முடியாதுண்ணே."

"அவன் இன்னும் எத்தன நாளைக்குச் சொல்லப் போறான் தங்கச்சி?"

அதை அவர் கொடுமையாகச் சொல்லவில்லை. சொல்லும்போது அவர் கண் கலங்கியிருந்தது. தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு, என் கணவரிடம் சொல்லிக்கொள்ளாமலே போய்விட்டார்.

வரவேற்பறைக்கு வந்தேன். எங்கள் அடுப்படிக்குக் கதவு கிடையாது. எல்லாம் அவர் காதில் விழுந்திருக்கும். 'இதுக்குத்தான்மா உன்ன வெளிய அனுப்பினேன்' என்று திரையில் எழுதி வைத்திருந்தார். நான் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டேன். எழுந்திருக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

சுவரைப் பற்றி ஓர் அறிக்கை எழுதினார். ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டு எழுதியதால் பல நாட்கள் பிடித்தன. என்ன வரைந்து கொடுத்தார், என்ன கட்டியிருக்கிறார்கள், தண்ணீர் எங்கே தேங்கும், எந்தெந்த வீடுகளின் மேல் மண் வரும். கடைசி வரிசையின் வீட்டு எண்களை அவர் வரிசையாகத் தொட்டுக்கொண்டு போனபோது அந்த அக்காவின் எண்ணும் வந்தது. அறிக்கையில் கையெழுத்துப் போட்டு, நகராண்மைக் கழகத்துக்கும் டெவலப்பருக்கும் அனுப்பினோம். இனி யாரும் அதில் ஒரு வரியை எடுக்கவோ மாற்றவோ முடியாது என்ற நிம்மதி எனக்கு இருந்தது. அதைப் படிக்காமல் வைத்துவிடலாம் என்பது அப்போது என் நினைவுக்கு வரவில்லை.

அடுத்து, அட்டையை ரத்து செய்ய வேண்டும் என்று எழுதினார். விரல் முழுதாகப் போய்விட்டால், அந்த உறையை வைத்து யாராவது அட்டைக்குப் புது நம்பர் போட்டாலும் தடுக்க அவரிடம் எதுவும் இருக்காது.

அலோர் ஸ்டாருக்குப் போனோம். கவுன்டரில் இருந்த பெண் நல்லவள். சக்கர நாற்காலியைப் பார்த்ததும் எழுந்து வந்து மேசைப் பக்கம் இடம் ஒதுக்கினாள். ஆனால் ரத்து செய்யும் படிவத்தில் அட்டைக்கு உரியவர் பேனாவால் கையெழுத்துப் போட வேண்டும் என்றாள். பேனா பிடிக்க முடியாததால்தான் இந்த அட்டையே வாங்கினோம் என்று மலாயில் விளக்கினேன். அவள் உள்ளே போய் மேலதிகாரியைக் கேட்டுக்கொண்டு வந்தாள்.

"சாப் ஜாரி போலே, காக்" என்றாள். கைநாட்டு வைத்தால் போதும்க்கா என்று மைப்பெட்டியை எடுத்து வைத்தாள். "கைய நீங்க பிடிச்சு வைங்க."

நான் அவர் கையைத் தூக்கப் போனேன். அவர் தொண்டையிலிருந்து ஓர் ஒலி வந்தது. தட்டுத்திரையை மடியில் வைத்தேன். 'பிடிச்சு வைக்கறதுன்னா யார் வேணாலும் வைக்கலாம். நான் போடறேன்' என்று தொட்டார்.

அவளுக்குச் சொன்னேன். அட்டையாலேயே கையெழுத்திட்டுத் தந்தால் ஏற்பார்களா என்று கேட்டேன். அவள் மறுபடி உள்ளே போனாள். இந்த முறை நேரம் பிடித்தது. முடியும் என்று சொல்லிக்கொண்டு மேலதிகாரியே வெளியே வந்தார். இதுவரை யாரும் கேட்டதில்லை என்றார்.

மடிக்கணினியைத் திறந்து ரீடரை அவர் கைக்குக் கீழே வைத்தேன். படிவத்தைக் கடைசி வரி வரை நகர்த்திக் காட்டினேன். மணிக்கட்டை அடியில் தாங்கிக்கொண்டு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டேன். கவுன்டர்ப் பெண்ணும் திரும்பிக்கொண்டாள். மேலதிகாரி மட்டும் என்ன செய்வதென்று தெரியாமல் கூரையைப் பார்த்தார். என் கணவரின் கை ஈரமாக, கனமாக என் உள்ளங்கையில் கிடந்தது. பீப். வெகு நேரம் கழித்து இன்னொரு பீப். முடிந்ததும் பார்த்தேன். தவறு என்று வந்திருந்தது.

மறுபடி முயன்றார். மறுபடி தவறு. இன்னும் ஒரு வாய்ப்புதான் மிச்சம்.

"கொஞ்சம் ரெஸ்ட் எடுத்துக்கங்க" என்றேன். சட்டை முதுகோடு ஒட்டும் அளவுக்கு வியர்த்திருந்தது அவருக்கு. கவுன்டர்ப் பெண் கேட்காமலே ஒரு துண்டும் தண்ணீரும் கொண்டுவந்தாள். அவரால் தண்ணீரை விழுங்க முடியாது. துண்டை நனைத்து நெற்றியில் வைத்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பிறகு திறந்து ரீடரைப் பார்த்தார்.

மூன்றாவது முறை அவ்வளவு மெதுவாகப் போட்டார். பீப் ஒலிகளுக்கு நடுவே வெளியே போகிற வண்டிகளின் சத்தம் முழுவதும் கேட்டது. கடைசி எண்ணுக்கு விரல் துளைக்குள் இறங்க மறுத்தது. நான் மணிக்கட்டை அசைக்கவே இல்லை. அசைத்தால் அது என் கையெழுத்தாகிவிடும் என்று நினைத்ததாக ஞாபகம்.

கையெழுத்து விழுந்தது. அந்தப் பெண் அதைத் தன் கணினியில் சரிபார்த்து, பொத்தானை அழுத்தினாள். அட்டை செத்துவிட்டது என்பதை மரியாதையான மலாயில் சொன்னாள்.

காடியில் உட்கார வைத்து பெல்ட்டைப் போட்டபோது அவர் அழுதார். அந்த நோயில் அழுகைக்குக்கூட முகத் தசை ஒத்துழைப்பதில்லை. தண்ணீர் மட்டும் வந்துகொண்டிருந்தது. காலையில் வீட்டிலிருந்து புறப்படும்போது அவர் பொறியாளர். அந்த வேலையைத் தன் கையாலேயே முடித்துக்கொண்டு திரும்புகிறார் என்று எனக்குப் புரிந்தது. குருணில் ஓரமாக நிறுத்தி முகத்தைத் துடைத்துவிட்டேன்.

நகராண்மைக் கழகத்திலிருந்து, அறிக்கை கிடைத்தது, கவனிக்கப்படும் என்று பதில் வந்தது. அதற்கு மேல் நான் கேட்ட எதற்கும் பதில் வரவில்லை. டெவலப்பர் வேறொரு பொறியாளரை அமர்த்திக்கொண்டார். அவர் தன் அட்டையால் சான்றில் கையெழுத்துப் போட்டார். எந்த மென்பொருளில் போட்டார், சுவரைப் போய்ப் பார்த்தாரா என்பது எனக்குத் தெரியாது. சாவிகள் கொடுக்கப்பட்டன.

அக்காவிடம் சொல்வது என் கடமை என்று நினைத்தேன். கேன்டீனில் மூலை மேசையில் உட்கார வைத்து, சுவரைப் பற்றித் தெரிந்த எல்லாவற்றையும் சொன்னேன். அறிக்கையைக் கைப்பேசியில் காட்டினேன். அவர் வீட்டு எண்ணைக் காட்டினேன். அவர் அதைப் படிக்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப வந்து சொன்னா நான் என்னம்மா செய்ய? பேங்கு மாசாமாசம் பிடிக்கறான். விக்கப் போனா வாங்கறவங்ககிட்டயும் இதைச் சொல்லணும். சொன்னா யாரு வாங்குவா? சொல்லாம வித்தா பாவம் இல்லையா?"

கைப்பேசியை மேசையில் கவிழ்த்து வைத்தேன். அவர், "ஒங்க வீட்டுக்காரர் கையெழுத்துப் போடலன்னு சொல்றீங்க. ஆனா வீடு வந்துடுச்சே" என்றார். குத்திக் காட்டவில்லை, உண்மையிலேயே புரியாமல் கேட்டார்.

மழை தொடங்குவதற்கு முன்பே என் கணவர் போய்விட்டார். காலையில் மூச்சு மாறியது, மதியத்துக்குள் முடிந்தது. கடைசி நாட்களில் கண்ணால்தான் பேசினார். ஆமாம் என்றால் மேலே, இல்லை என்றால் மூடிக்கொள்வார். சுவரைப் பற்றி அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அண்ணன் வந்து தலைமாட்டில் நின்றார். தூக்கும் நேரத்தில் முன்னால் தோள் கொடுத்தவர் அவர்தான். காரியங்கள் முடிந்து புறப்படும்போது, "கோவமா தங்கச்சி?" என்று கேட்டார். "தெரியலண்ணே" என்றேன். அது உண்மை. இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

அக்கா புது வீட்டில் பால் காய்ச்சினார். துக்க வீட்டுக்காரி என்பதால் நான் போகவில்லை. பிறகொரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டார், போனேன். சுவரெல்லாம் மஞ்சள் வண்ணம் அடித்து, பிள்ளைகளின் பள்ளிப் படங்களை மாட்டி, வீட்டை அழகாக வைத்திருந்தார். எல்லா அறையையும் காட்டினார். பின்கதவை மட்டும் திறக்கவில்லை. நானே திறந்தேன். சுவர் பத்தடி தூரத்தில் நின்றது. மேலே வெட்டிய மண்ணை நீல பிளாஸ்டிக் விரிப்பால் மூடி, டயர்களை வைத்து அழுத்தியிருந்தார்கள். யார் போட்டது என்று கேட்டேன். டெவலப்பரின் ஆட்கள் வந்து போட்டார்கள், எதற்கென்று சொல்லவில்லை என்றார். பக்கத்து வீட்டின் அடுப்படித் தரையில் ஒரு விரிசல் விட்டிருப்பதாகவும், அந்தக் குடும்பம் சுங்கை பட்டாணிக்கு உறவினர் வீட்டுக்குப் போய்விட்டதாகவும் சொன்னார்.

"நீங்களும் போயிருக்கலாமேக்கா."

"எங்க போறது?" என்று கேட்டுவிட்டு, தட்டில் பலகாரம் எடுத்து வைத்தார்.

அறிக்கையின் ஒரு பிரதியை அச்செடுத்து அவரிடம் கொடுத்திருக்கிறேன். குடியிருப்பாளர்கள் சங்கம் ஒன்று ஆரம்பித்திருக்கிறார்கள், அதில் காட்டுகிறேன் என்றார். கூட்டம் இரண்டு முறை கூடியது. மாநில அலுவலகத்துக்கு மனு கொடுத்திருக்கிறார்கள். நான்தான் எழுதிக் கொடுத்தேன்.

பின்வரிசையில் இப்போது நான்கு குடும்பங்கள்தான் மிச்சம் இருக்கின்றன. பாலிங் பக்கம் வானம் கறுத்தால் அக்கா பிள்ளைகளின் பாய்களை முன்னறைக்கு மாற்றிவிடுகிறார். அடுப்படி வேலையை மதியத்துக்குள் முடித்து, அந்தக் கதவைப் பூட்டிவிடுகிறார். வேலையில் இருக்கும்போது மழை வந்தால் என்னைத் தேடி மேலே வருவார். கணினிப் பிரிவில்தான் அந்தத் திசைக்கு ஒரு ஜன்னல் இருக்கிறது. இருவரும் அதன் பக்கத்தில் நின்று பார்ப்போம். அங்கிருந்து குன்று தெரியாது. மழைதான் தெரியும்.